பழைய தாள் விலையா, உரிய விலையா?
பழைய நூல்களையும் படக்கதைகளையும் மதிப்பிட்டு விற்கும் முறை

வீடு மாறும்போதும், பெரியவர் ஒருவர் மறைந்தபின் அவருடைய உடைமைகளைப் பிரிக்கும்போதும், பழைய கட்டடம் இடிக்கப்பட்டுப் புதிய அடுக்ககம் எழும்போதும் குடும்பத்தினர் முன் ஒரு கேள்வி எழுகிறது. அலமாரி நிறைய இருக்கும் நூல்களை என்ன செய்வது? நகைக்கு அன்றாட விலை உண்டு. நிலத்துக்கு வழிகாட்டி மதிப்பு உண்டு. வைப்புத் தொகைக்கு வங்கியின் சான்று உண்டு. நூல்களுக்கு இவற்றுள் எதுவும் இல்லை. ஆகவே பல வீடுகளில் அவை கடைசி வாரத்தில், எடைக்கு எடை, பழைய பேப்பர்க் கடைக்குச் சென்றுவிடுகின்றன. மராத்தியர் ‘ரத்தி’ என்று வழங்கும் அந்தத் தராசில் அரிய நூலுக்கும் நேற்றைய நாளிதழுக்கும் ஒரே விலைதான்.

புணே நகரில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இச்சிக்கல் சற்றுக் கூடுதலானது. ராஸ்தா பேட்டையிலும் கட்கியிலும் இரண்டு மூன்று தலைமுறைகளாக வாழும் வீடுகளில் தமிழ் நூல்களும் மராத்தி நூல்களும் ஆங்கிலப் படக்கதைகளும் ஒரே அலமாரியில் இருக்கும். அவற்றைச் சேர்த்தவருக்கு அவை அனைத்தும் ஒரே தொகுப்பு. சந்தையிலோ அவை மூன்று வெவ்வேறு ஊர்களின் சரக்கு. இவ்வேறுபாட்டை அறியாமல் விற்பதே இழப்புக்கு முதற்காரணம். அந்த இழப்பைத் தவிர்க்கும் வழிகளை இங்கே முறையாகக் காண்போம்.

வயது மட்டும் விலை ஆகாது

‘இந்த நூலுக்கு எண்பது வயது, ஆகவே இது விலைமதிப்பற்றது’ என்னும் எண்ணம் பரவலாக உள்ளது. உண்மையில் ஒரு நூலின் விலையை நான்கு காரணங்கள் முடிவு செய்கின்றன: எத்தனை படிகள் எஞ்சியுள்ளன, எந்தப் பதிப்பு, என்ன நிலையில் உள்ளது, அதைத் தேடுவோர் எத்தனை பேர். இவற்றுள் நான்காவதே மிகுதியும் மறக்கப்படுகிறது. நூறாண்டு பழைமையான பள்ளிப் பாடநூல் மிக அரியதாக இருக்கலாம். அதை எவரும் தேடாவிட்டால் விலை இல்லை. நாற்பது ஆண்டுக்கு முந்தைய படக்கதையை ஆயிரம் பேர் தேடினால் அதற்கு விலை உண்டு.

மிகச் சாதாரணமாகக் கருதப்பட்டவையே பிற்காலத்தில் அரியவையாகின்றன. தோல் அட்டையிட்ட கலைக்களஞ்சியத்தை எல்லாரும் காத்து வைத்தார்கள். எனவே அது எங்கும் கிடைக்கிறது. குழந்தைகளின் படக்கதையைப் படித்தபின் கிழித்தார்கள், கொடுத்தார்கள், எடைக்குப் போட்டார்கள். எனவே நல்ல நிலையில் எஞ்சியவை சில. அமெரிக்காவில் 1938-இல் 10 சென்ட் விலைக்கு வெளிவந்த ‘ஆக்‌ஷன் காமிக்ஸ்’ முதல் இதழின் ஒரு படி, 2024 ஏப்ரலில் 60 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. சூப்பர்மேன் முதன்முதலாகத் தோன்றிய இதழ் அது. அச்சான படிகள் ஏறத்தாழ 2 லட்சம். எஞ்சியிருப்பவை ஏறத்தாழ 100 என்று மதிப்பிடுகின்றனர். அத்தகைய விலையை நம் நாட்டில் எதிர்பார்ப்பதற்கில்லை. ஆயினும் காரணம் ஒன்றே: பலர் விரும்பியது, சிலர் மட்டுமே காத்தது.

நம் நாட்டில் இந்த வகையில் தேடப்படுபவை எவை? டைம்ஸ் குழுமத்தார் 1964-இல் தொடங்கிய இந்திரஜால் காமிக்ஸ், அனந்த் பை 1967-இல் தொடங்கிய அமர் சித்திரக் கதை ஆகியவற்றின் தொடக்க இதழ்கள், தமிழில் சிவகாசியிலிருந்து 1972-இல் ‘இரும்புக்கை மாயாவி’யுடன் தொடங்கிய முத்து காமிக்ஸ், 1984-இல் தொடங்கிய லயன் காமிக்ஸ், ராணி காமிக்ஸ் ஆகியவற்றின் முதல் இதழ்கள், 1947 முதல் வெளிவந்த அம்புலிமாமாவும் 1952 முதல் வெளிவந்த அதன் மராத்தி வடிவமான ‘சாந்தோபா’வும். இவற்றுள்ளும் பிற்கால இதழ்கள் மிகுதியாகக் கிடைப்பதால் அவற்றுக்குப் பெருவிலை இல்லை.

பதிப்பைக் கண்டறிதல்

ஒரே கதை பலமுறை மறுபதிப்பாக வந்திருக்கும். ‘இரும்புக்கை மாயாவி’யும் பிற்காலத்தில் மறுபதிப்புக் கண்டது. படிக்க விரும்புவோர் மறுபதிப்பை வாங்கிக்கொள்வார்கள். எனவே பழைய இதழுக்குக் கொடுக்கப்படும் கூடுதல் விலை கதைக்காக அன்று; அந்த முதல் அச்சுக்காக. முதல் அச்சா, மறு அச்சா என்று உறுதி செய்யாமல் விலை பேசுதல் கூடாது.

பதிப்பு விவரப் பக்கத்தில் ஆண்டு இருந்தால் வேலை எளிது. இல்லாதபோது நூலே சில தடயங்களைத் தருகிறது.

முதல் தடயம் விலை. அணாவில் விலை குறித்திருந்தால் அது பெரும்பாலும் 1957-க்கு முற்பட்டது. அவ்வாண்டு ஏப்ரல் முதல் நாளில்தான் தசம நாணய முறை வந்தது. ‘நயா பைசா’ அல்லது ‘ந.பை.’ என்றிருந்தால் 1957-க்கும் 1964-க்கும் இடைப்பட்டது. 1964 ஜூனில் ‘நயா’ என்னும் அடைமொழி நீக்கப்பட்டது.

இரண்டாவது தடயம் முகவரி. ஆறிலக்க அஞ்சல் குறியீட்டு எண் 1972 ஆகஸ்ட் 15-இல் நடைமுறைக்கு வந்தது. அச்சகத்தின் முகவரியில் அது இருந்தால் அந்தப் படி அதற்கு முன் அச்சானதாக இருக்க முடியாது. ‘மதராஸ் மாநிலம்’ என்றிருந்தால் 1969-க்கு முந்தையதாகவும், ‘பம்பாய் மாநிலம்’ என்றிருந்தால் மகாராஷ்டிரம் உருவான 1960 மே மாதத்துக்கு முந்தையதாகவும் கொள்ளலாம்.

மூன்றாவது தடயம் எழுத்து. தமிழ்நாட்டில் எழுத்துச் சீர்திருத்தம் 1978-இல் அரசாணையாக வந்தது. ணை, லை, ளை, னை முதலிய எழுத்துகள் பழைய கொம்பு வடிவில் இருந்தால் அந்நூல் பெரும்பாலும் அதற்கு முந்தையது. சில அச்சகங்கள் பழைய எழுத்தையே சிறிது காலம் பயன்படுத்தியதால் இதை மட்டும் கொண்டு முடிவுகட்டுதல் ஆகாது.

நான்காவது தடயம் வெளியீட்டுப் பட்டியல். படக்கதைகளின் உள்ளட்டையிலோ பின்னட்டையிலோ ‘இதுவரை வெளிவந்தவை’ என்று ஒரு பட்டியல் இருக்கும். கையிலிருக்கும் இதழின் எண்ணுக்கு அருகிலேயே பட்டியல் முடிந்தால் அது முதல் அச்சாக இருக்கக்கூடும். அதைவிடப் பல எண்கள் கூடுதலாக இருந்தால் உறுதியாக மறு அச்சு.

நிலையே பாதி விலை

ஒரே இதழின் இரு படிகளுள் ஒன்று மற்றொன்றைப் போல் பத்து மடங்கு விலை பெறுவது உண்டு. அட்டை உள்ளதா, நடுப்பக்கம் கழன்றுள்ளதா, பின் துருவேறியுள்ளதா, பழுப்புப் புள்ளிகள் உள்ளனவா, புதிர்ப் பக்கத்தில் பென்சிலால் விடை எழுதப்பட்டுள்ளதா, இணைப்பாக வந்த ஒட்டுப்படம் இன்னும் இருக்கிறதா என்றெல்லாம் சேகரிப்பாளர்கள் பார்ப்பார்கள். வெளிநாடுகளில் படக்கதைகளுக்கு 0.5 முதல் 10 வரை தர மதிப்பெண் வழங்கும் நிறுவனங்களே உள்ளன.

நம் வீடுகளில் இதனோடு தொடர்புடைய ஒரு வழக்கம் உண்டு: பைண்டு செய்தல். கல்கி வார இதழில் 1950 முதல் 1954 வரை ‘பொன்னியின் செல்வன்’ தொடராக வந்தபோது வாரந்தோறும் பக்கங்களைப் பிரித்தெடுத்துப் பைண்டு செய்து வைத்த குடும்பங்கள் பல. மணியத்தின் ஓவியங்கள் இதழில் வெளிவந்தபடியே அத்தொகுதிகளில் இருப்பதால் அவற்றை விரும்பி வாங்குவோர் இன்றும் உள்ளனர். நாவல் இன்று மலிவுப் பதிப்பாக எங்கும் கிடைத்தாலும் அந்தப் பைண்டு தொகுதிக்குத் தனி மதிப்பு உண்டு. ஆனால் படக்கதைகளைப் பைண்டு செய்தால் நிலைமை நேர்மாறு. பைண்டு செய்பவர் மூன்று பக்கமும் ஓரத்தை வெட்டிச் சமன் செய்வார். அட்டையை நீக்கியும் விடுவார். இதனால் சேகரிப்பாளர் கணக்கில் பெரும்பகுதி விலை குறைந்துவிடும். அதற்காக இப்போது பைண்டைப் பிரிக்க முயலவேண்டா. அது சேதத்தை மிகுவிக்கும். உள்ளது உள்ளபடியே காட்டி விற்பதே நன்று.

விற்பதற்கு முன் ‘அழகுபடுத்துவது’ மற்றொரு பெருந்தவறு. கிழிந்த பக்கத்தில் செல்லோடேப் ஒட்டுவதும், அட்டையை லாமினேட் செய்வதும், பெயரை அழிப்பானால் தேய்ப்பதும் திருத்த முடியாத சேதங்கள். மென்மையான தூரிகையால் தூசியைத் துடைத்தால் போதும். நூலின் முதற்பக்கத்தில் உள்ள கையெழுத்தையும் அழித்துவிடக் கூடாது. அது நூலாசிரியருடையதாகவோ அறியப்பட்ட ஒருவருடையதாகவோ இருந்தால் அதுவே நூலின் விலையை உயர்த்தும்.

எந்த நூலை எந்த ஊரில் விற்பது?

நூலின் விலை அதைப் படிப்பவர் வாழும் ஊரில்தான் உருவாகிறது. புணேயின் அப்பா பல்வந்த் சௌக்கைச் சுற்றியுள்ள நூற்கடைகளில் மராத்தி நூலுக்கு வாங்குவோர் உண்டு. தமிழ் நூலைக் கொண்டு சென்றால் அதன் பெயரைப் படிக்கத் தெரிந்தவரே அரிது. அக்கடைக்காரர் குறைந்த விலை கூறுவது வஞ்சகமன்று. அவருக்கு அதை விற்க வழியில்லை என்பதே உண்மை. அதே தமிழ்ப் படக்கதையைச் சென்னையிலோ கோயம்புத்தூரிலோ உள்ள சேகரிப்பாளர் தேடிக்கொண்டிருக்கலாம்.

மறுதலையாக, புணேக்கே உரிய சில பொருள்களை நம்மவர் அறியாமல் விட்டுவிடுவதும் உண்டு. 1909-இல் ‘மனோரஞ்சன்’ இதழ் தொடங்கிவைத்த மராத்தி தீபாவளி மலர் மரபில் வந்த பழைய மலர்கள், விஷ்ணுசாஸ்திரி சிப்ளூண்கர் 1878-இல் புணேயில் நிறுவிய சித்திரசாலை அச்சகத்தின் வண்ணப் படங்கள் ஆகியவை இந்நகரில் கவனிக்கப்படுபவை. 1961 ஜூலை 12-இல் பான்ஷேத் அணை உடைந்து ஆற்றங்கரைப் பேட்டைகள் நீரில் மூழ்கின. தாளில் இருந்தவை எவ்வளவோ அன்று அழிந்தன. அதற்கு முந்தைய மராத்தி இதழ்கள் வீட்டில் இருந்தால் தமிழ் நூல்களோடு கலந்து ஒரே விலை பேசாமல் தனியே காட்டவேண்டும்.

எனவே தொகுப்பை முதலில் மொழிவாரியாகப் பிரிப்பதே மதிப்பீட்டின் தொடக்கம். மராத்தி நூல்கள் புணேயிலும் மும்பையிலும், தமிழ் நூல்கள் தமிழ்நாட்டிலும், ஆங்கிலப் படக்கதைகள் நாடு முழுவதிலும் உள்ள சேகரிப்பாளரிடத்தும் விலை கேட்கப்படவேண்டும்.

ஒரு நூலுக்கு மூன்று விலை

கடைக்காரர் நமக்குத் தரும் விலை ஒன்று. அதே நூலை அவர் வாசகருக்கு விற்கும் விலை மற்றொன்று. தொலைந்தாலோ எரிந்தாலோ அதைப் போன்ற ஒன்றை மீண்டும் வாங்க ஆகும் விலை மூன்றாவது. காப்பீட்டுக்கு இதுவே பொருந்தும். இணையத்தில் ஒருவர் ஒரு நூலுக்கு 5,000 ரூபாய் கேட்கிறார் என்பதால் அது 5,000 ரூபாய்க்கு விற்றுவிட்டது என்று பொருளாகாது. கேட்கும் விலையை விட்டுவிட்டு, விற்று முடிந்த விலையைத் தேடிப் பார்க்கவேண்டும்.

முழுவதையும் ஒருவருக்கே விற்பதா, தனித்தனியே விற்பதா? ஒரு மாதிரிக் கணக்கைப் பார்ப்போம். ஒரு வீட்டில் 500 நூல்கள் உள்ளன. கடைக்காரர் மொத்தமாக 40,000 ரூபாய் தருவதாகக் கூறுகிறார் என்று கொள்வோம். தனித்தனியே விற்றால் சிறந்த 25 நூல்கள் சராசரி 1,600 ரூபாய் வீதம் 40,000 ரூபாயும், எஞ்சிய 475 நூல்கள் 20 ரூபாய் வீதம் 9,500 ரூபாயும் தரும். ஆக 49,500 ரூபாய். சிறந்த நூல்களைக் கட்டி அனுப்ப 3,000 ரூபாயும், அவற்றுக்குத் தரகாக நூற்றுக்குப் பத்து வீதம் 4,000 ரூபாயும் கழித்தால் மிஞ்சுவது 42,500 ரூபாய். கூடுதலாகக் கிடைத்தது 2,500 ரூபாய். செலவானது பல மாத உழைப்பு. இந்நிலையில் கடைக்காரரின் விலை நியாயமானதே.

அந்த 25 நூல்களின் சராசரி விலை 4,000 ரூபாய் என்றால் கணக்கு மாறிவிடும். அப்போது மொத்தம் 1,09,500 ரூபாய். அனுப்பும் செலவும் தரகும் போக 96,500 ரூபாய் கிடைக்கும். ஆக, முடிவு 500 நூல்களைப் பொறுத்ததன்று. 25 நூல்களைப் பொறுத்தது. அவை எவை என்று நமக்குத் தெரியாமல் விலை பேசுவதும் கடைக்காரருக்குத் தெரிந்து விலை பேசுவதுமே இருவருக்கும் உள்ள வேறுபாடு. அவர் அந்த 25 நூல்களை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றவற்றை விட்டுச் செல்வதற்கு இசைந்தால், எஞ்சியவை மீண்டும் தராசுக்கே செல்லும் என்பதையும் நினைவில் கொள்ளவேண்டும்.

பிரிக்கக் கூடாத தொகுப்பு

சில தொகுப்புகளின் மதிப்பு தனி நூல்களில் இல்லை. அவை ஒன்றாக இருப்பதில் உள்ளது. காரைக்குடிக்கு அருகில் கோட்டையூரில் வாழ்ந்த ரோஜா முத்தையா பெயர்ப்பலகை எழுதும் ஓவியர். நூல்களோடு நாடகத் துண்டறிக்கை, பாட்டுப் புத்தகம், அழைப்பிதழ் எனப் பிறர் எறிந்துவிடுவனவற்றையும் சேர்த்து ஏறத்தாழ ஒரு லட்சம் பொருள்களைத் திரட்டினார். அவற்றுள் பலவற்றைத் தனியே விற்றிருந்தால் சில காசுகளே கிடைத்திருக்கும். 1992-இல் அவர் மறைந்தபின் அத்தொகுப்பைச் சிகாகோப் பல்கலைக்கழகம் விலைக்குப் பெற்றது. ஆயினும் அது கடல் கடந்து செல்லவில்லை. 1994-இல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக நிறுவப்பட்டு இன்றும் ஆய்வாளர்களுக்குப் பயன்படுகிறது. குடும்பத்துக்குப் பணம் கிடைத்தது, சேர்த்தவரின் பெயர் நிலைத்தது, தொகுப்பும் சிதறவில்லை.

புணேயிலேயே மற்றொரு வழியைக் காட்டும் சான்று உள்ளது. இராமகிருஷ்ண கோபாள பண்டார்கர் தம் நூலகத்தை விற்கவில்லை; 1917 ஜூலை 6-இல் அவர் பெயரால் நிறுவப்பட்ட கீழ்த்திசை ஆய்வு நிறுவனத்துக்கு வழங்கினார். ஒரு துறையைப் பற்றியோ, ஓர் ஊரைப் பற்றியோ, ஓர் இதழின் எல்லா ஆண்டுகளையுமோ முழுமையாகத் திரட்டியவர் வீட்டில் இருந்தால், பிரித்து விற்பதற்கு முன் ஓர் ஆய்வு நூலகத்திடம் பட்டியலைக் காட்டுவது நன்று. நூலகம் பெரும்பணம் தராமல் போகலாம். ஆனால் ஒருமுறை பிரிந்த தொகுப்பை மீண்டும் சேர்க்க இயலாது.

சட்டமும் வரியும் பணப் பாதுகாப்பும்

நூல்களைச் சேர்த்தவர் காலமாகிவிட்டால் அவை வாரிசுகள் அனைவருக்கும் உரியவை. விருப்ப ஆவணத்தில் குறிப்பு இல்லையெனில் எல்லாருடைய எழுத்துமூல இசைவையும் பெற்றபின் விற்பது பிற்காலப் பூசலைத் தவிர்க்கும்.

வரலாறு, இலக்கியம், அறிவியல் ஆகியவற்றில் மதிப்புடைய கையெழுத்துப் படிகளும் ஆவணங்களும் 75 ஆண்டு கடந்திருந்தால், 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின் வரையறைக்குள் வரும். தனியார் அவற்றை வெளிநாட்டுக்கு அனுப்பச் சட்டம் இடம் தருவதில்லை. ஓலைச்சுவடியோ பழைய கையெழுத்து ஏடோ நூல்களிடையே கிடைத்தால் தனியே எடுத்து வைத்து, இந்தியத் தொல்லியல் துறையிடம் விளக்கம் பெறவேண்டும்.

நூலை விற்பது பதிப்புரிமையை விற்பதன்று. பக்கங்களை நகலெடுத்து விற்பது, உரிமைக்காலம் முடியாத நூல்களைப் பொறுத்தவரை, சட்டமீறல் ஆகும். நம் நாட்டில் ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் வரை அவ்வுரிமை நீடிக்கிறது.

தம் வாசிப்புக்காக வைத்திருந்த நூல்களை ஒருமுறை விற்பதும், வாங்கி விற்பதையே தொழிலாகச் செய்வதும் வருமான வரியின் பார்வையில் வேறுவேறு. தொகை பெரிதானால் பட்டயக் கணக்கரைக் கலந்துகொள்க. ஒரே விற்பனைக்கு 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதைச் சட்டம் தடுக்கிறது. வங்கிக் கணக்கின் வழியே பெறுவதே முறை.

முகமறியாதவருக்கு இணையவழி விற்கும்போது ஒன்றை மறவாதீர்: பணத்தைப் பெறுவதற்கு ரகசிய எண்ணை இட வேண்டிய தேவையே இல்லை. ‘முன்பணம் அனுப்புகிறேன், இந்தக் கட்டத்தை வருடி எண்ணை அழுத்துங்கள்’ என்று எவரேனும் கூறினால் அது மோசடி. பணம் கணக்கில் சேர்ந்துவிட்டதை வாங்குபவர் அனுப்பும் படத்தைக் கொண்டு நம்பாமல், தம் கணக்கிலேயே பார்த்து உறுதி செய்தபின் நூலை அனுப்புக. ஏமாற்றம் நேர்ந்தால் உடனே 1930 என்னும் எண்ணை அழைத்து, வங்கிக்கும் தெரிவிக்கவேண்டும்.

விற்கும் வரை காத்தல்

நல்ல விலைக்குக் காத்திருக்கும் ஒரு மழைக்காலத்திலேயே நூல் தன் மதிப்பை இழந்துவிடக்கூடும். ஜூன் முதல் செப்டம்பர் வரை புணேயின் ஈரக்காற்று பூஞ்சைக்கும் இராமபாணப் பூச்சிக்கும் உகந்தது. வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியில் வைக்காமல், தரையிலிருந்து உயர்த்தி, காற்றோட்டம் உள்ள இடத்தில் வைக்கவேண்டும். படக்கதைகளை மடியாதபடி தட்டையாக அடுக்குக. வெயிலில் உலர்த்தினால் அட்டையின் நிறம் வெளுக்கும்; நிழலில் உலர்த்துக. வங்கிப் பெட்டகத்தில் மூடி வைப்பதும் தாளுக்குத் தீர்வாகாது. பல மாதம் திறவாத பெட்டகத்தில் ஈரத்தைக் கவனிப்பார் இல்லை. வீட்டுக் காப்பீட்டு ஒப்பந்தங்கள் பலவற்றில் அரும்பொருள்களும் கையெழுத்துப் படிகளும் தனியே குறிப்பிட்டாலன்றிச் சேர்வதில்லை என்பதையும் சரிபார்த்துக்கொள்க.

இவை அனைத்துக்கும் அடிப்படை ஒரு பட்டியல்: நூற்பெயர், ஆசிரியர், பதிப்பகம், ஆண்டு, பதிப்பு, நிலை, அட்டையின் ஒளிப்படம். நாளைக்கு இருபது நூல் வீதம் எழுதினால் 500 நூல்களுக்கு ஒரு மாதம் போதும். வாங்குவோருக்கு விலை கூறவும், நூலகத்துக்கு எழுதவும், காப்பீடு பெறவும், வாரிசுகளுக்குப் பங்கிடவும் அப்பட்டியலே பயன்படும். சேர்த்தவர் உடனிருக்கும்போதே அவரிடம் கேட்டு எழுதிவிடுவது மிகச் சிறந்தது. எந்த நூல் எங்கே வாங்கியது, எந்த இதழின் வரிசையில் ஒன்று மட்டும் குறைகிறது என்பதை அவர் ஒருவரே அறிவார்.